நம் கூரைத் தண்ணீர் யாருக்கு?

(கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில், மழைநீர் சேகரிப்பு பற்றிக் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்புக் கணக்கு, உள்கடன் வசூல், வங்கிக்கடன் தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. டீயும் குடிச்சாச்சு. இப்போ எங்களுக்கு அரை மணி நேரம் கொடுங்க. புரட்டாசி பிறந்துட்டுது. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கு. அதனால்தான் இந்த மாதமே இதைப் பேசணும் என்று வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. 2019 கோடையில் தண்ணி லாரிக்காக ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு குடத்தோடு காத்திருந்தவங்க கையைத் தூக்குங்க. சரி, பாதிக்கு மேலே இருக்கீங்க. அடுத்த கேள்வி. 2015 டிசம்பரிலோ, 2021 நவம்பரிலோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ வீட்டுக்குள் தண்ணி வந்து, பாயையும் ரேஷன் கார்டையும் பரண் மேலே தூக்கி வைச்சவங்க கையைத் தூக்குங்க.

பக்கத்தில் திரும்பிப் பாருங்க. அதே கைகள்தான். தண்ணி இல்லாமல் கஷ்டப்பட்டதும் நாம்தான், தண்ணி வந்து கஷ்டப்பட்டதும் நாம்தான். இந்த இரண்டு கஷ்டத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கு. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

ஒரு கூரையில் எவ்வளவு தண்ணீர்?

நாம் கணக்கில் கெட்டிக்காரங்க. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம். 1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். மனப்பாடம் பண்ண வேண்டியது இது ஒன்றுதான்.

1,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஒரே ராத்திரியில் 10 சென்டி மீட்டர் மழை பெய்தது என்று டி.வி.யில் சொல்றாங்களே, அந்த ஒரு ராத்திரியில் அந்த மாடியில் விழுவது ஏறக்குறைய 9,300 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைச்சுக்கிட்டா 600 குடத்துக்கு மேலே. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லி மீட்டர் அளவில் மழை பெய்யுது. சிந்தினது, ஆவியானது போக ஐந்தில் நாலு பங்கு என்று எடுத்தாலும் அந்த ஒரு மாடியில் ஒரு லட்சம் லிட்டர். 9,000 லிட்டர் லாரியாக எண்ணினால் பதினோரு லாரி.

அந்தப் பதினோரு லாரித் தண்ணீர் இப்போது எங்கே போகுது? பைப் வழியாக வாசலுக்கு, வாசலிலிருந்து ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து மழைநீர் வடிகாலுக்கு, அங்கிருந்து கடலுக்கு. வடிகால் அடைச்சுக்கிட்டா நம் வீட்டுக்கு. அப்புறம் சித்திரையில் அதே அளவுத் தண்ணிக்குக் காசு கொடுத்துக் காத்து நிற்கிறோம்.

நம் பகுதி எப்படிப்பட்ட பூமி?

எல்லா இடத்திலும் ஒரே குழி வேலை செய்யாது. பெசன்ட் நகர், திருவான்மியூர், அடையாறு கடலோரப் பக்கம் மணற்பாங்கான பூமி. ஊற்றினால் உடனே குடிச்சுடும். மயிலாப்பூர், மந்தைவெளியில் பல இடங்களில் மேலே களிமண், அதற்குக் கீழே மணல். சும்மா ஆழமில்லாத குழி வெட்டினால் களிமண்ணிலேயே தண்ணி நின்றுவிடும்.

தி.நகர் கதை இன்னும் வேறே. இன்றைக்கு ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போகிறோமே, அந்தப் பக்கம் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்து, பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகரை உண்டாக்கினாங்க. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர் மட்டும் மிச்சம் இருக்கு. ஏரியை நாம் மறந்தாலும் தண்ணி மறக்கவில்லை. 2021 நவம்பரில் ஜி.என். செட்டி ரோடு பக்கம் நாள் கணக்கில் நின்றது அந்த ஞாபகத்தில்தான்.

உங்க வாசல் எந்த மண் என்று தெரிஞ்சுக்க இன்ஜினியர் வேண்டாம். கடப்பாரையால் ஒரு முழ ஆழம் தோண்டி ஒரு குடம் தண்ணி ஊற்றுங்க. சமையல் முடிச்சு வந்து பார்க்கும்போது தண்ணி போயிருந்தால் மணல். அப்படியே நின்றால் களிமண். களிமண்ணாக இருந்தால் குழிக்குள் ஆகர் வைத்து 15, 20 அடிக்குத் துளை இறக்கி, மணல் தட்டுப்படும் வரை கொண்டு போகணும்.

சட்டம் என்ன சொல்லுது?

நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆக்கி, ஊர் முழுக்க ஓட ஓடச் செய்ய வைத்த மாநிலம் நம்முடையது. 2003 ஜூலையில், முதலமைச்சர் ஜெயலலிதா காலத்தில் அவசரச் சட்டம் வந்தது. புதுக் கட்டடம், பழைய கட்டடம் எல்லாம் அந்த வருஷம் அக்டோபருக்குள் செய்து முடிக்கணும் என்று கெடு. செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்து, செலவைச் சொத்துவரி மாதிரி வசூலிக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் குடிநீர் இணைப்பையே துண்டிக்கலாம் என்று இருந்தது. அந்த இரண்டு மாதம் பிளம்பரும் பி.வி.சி. பைப்பும் கிடைக்காமல் ஊரே அலைந்தது பல அக்காக்களுக்கு நினைவிருக்கும்.

சட்டம் வருவதற்கு முன்னாலேயே இதைத் தலையில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. டாக்டர் சேகர் ராகவன் 1990-களில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் மழைத்தண்ணியை மண்ணுக்குள் விடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஆகாஷ் கங்கா டிரஸ்ட் சார்பில் 2002 ஆகஸ்டில் மந்தைவெளியில் ‘ரெயின் சென்டர்’ திறக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் போய் மாதிரியைப் பார்த்து, யோசனை கேட்கிற இடமாக அது இருந்தது. நம் பேட்டையிலேயே நடந்த விஷயம் என்பதால் சொல்கிறோம்.

இன்றைக்கு இருக்கிற நிலைமை என்ன? 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி மழைநீர் சேகரிப்பு எல்லாப் புதுக் கட்டடத்துக்கும் கட்டாயம். பிளானிலேயே அது இருக்கணும். 2024-இல் வந்த சுயசான்று முறையில் சின்ன வீட்டுக்கு ஆன்லைனில் உடனே அனுமதி கிடைச்சாலும் இந்தக் கட்டாயம் மாறவில்லை. போர் போடுவது வேறே கதை. 1987-ஆம் வருஷத்து நிலத்தடி நீர் சட்டப்படி சென்னையில் கிணறு, போர் இறக்கக் குடிநீர் வாரியத்தின் அனுமதி வேண்டும். அதே போல ரோட்டையோ பிளாட்பாரத்தையோ தோண்டினால் மாநகராட்சி அனுமதி வேண்டும். குழியைக் காம்பவுண்டுக்குள் வைச்சுக்கோங்க.

“கட்டாயம் சரி, ஏதாவது சலுகை உண்டா?” என்று போன கூட்டத்தில் கேட்டீங்க. சென்னை பிடித்த வழி கட்டாயம்தான், சலுகை இல்லை. மற்ற ஊர்களில் வேறு மாதிரியும் செய்திருக்காங்க. இந்தூர் மாநகராட்சி சொத்துவரியில் 6 சதவீதம் தள்ளுபடி அறிவித்தது. டெல்லி குடிநீர் வாரியம் தண்ணி பில்லில் 10 சதவீதம் தள்ளுபடி என்று விதி வைத்தது. பெங்களூருவில் 2009-லிருந்து கட்டாயம், செய்யாதவங்களுக்குத் தண்ணி பில்லோடு அபராதம். ஜெர்மனியில் பல ஊர்களில் எத்தனை சதுர மீட்டர் சிமென்ட் போட்டு மூடியிருக்கீங்களோ அதற்கு ஏற்பக் கழிவுநீர்க் கட்டணம். மண்ணைத் திறந்து விட்டால் கட்டணம் குறையும்.

நம் மாநகராட்சியும் சலுகையே தெரியாததல்ல. சொத்துவரியைக் கெடுவுக்கு முன்னால் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கொடுத்தாங்க. காசைச் சீக்கிரம் கட்டினவங்களுக்குக் கொடுக்கும்போது, தண்ணியைச் சேர்த்தவங்களுக்கும் கொடுக்கலாமே என்பது எங்க கேள்வி.

மூடிக்குக் கீழே என்ன இருக்கு?

சட்டம் கட்டாயம் என்கிறது. எல்லா வீட்டிலும் குழியும் இருக்கு. அப்புறம் ஏன் 2019-இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி கொண்டு வந்தபோது நம் தெரு போர்களும் காற்றை இழுத்தன? மழை தவறியது முதல் காரணம். அதை நாம் மாற்ற முடியாது. இரண்டாவது காரணத்தை நாங்களே கண்ணால் பார்த்தோம்.

மந்தைவெளியில் ஒரு சந்து. ஒரே காம்பவுண்டில் ஆறு குடித்தனம். நான்கு பேர் நம் குழுவில் இருக்காங்க. ஒரு போர், ஒரு அடிபம்பு. அந்தக் கோடையில் போர் வற்றியது. வீட்டுவேலைக்கு நாலு வீடு போகிறவங்க, ராத்திரி லாரிக்கு நின்றுவிட்டுக் காலையில் வேலைக்குத் தாமதமாகப் போய் ஏச்சு வாங்கினாங்க. குழுக் கூட்டத்துக்கே மூன்று வாரம் வரவில்லை. ஏன் வரலை என்று கேட்கப் போனபோதுதான் நாங்கள் அந்தக் குழியைப் பார்த்தோம்.

வீட்டுக்காரரைக் கேட்டால், “2003-லேயே போட்டாச்சும்மா” என்று ஸ்லாபைக் காட்டினார். பொய் சொல்லவில்லை, போட்டிருந்தார். இரண்டு பேர் சேர்ந்து ஸ்லாபைத் தூக்கினோம். உள்ளே வாய் வரைக்கும் சேறு. மாடிப் பைப் எப்போதோ உடைஞ்சு, வெளியே வாசல் பக்கம் திருப்பி விட்டிருந்தது. அதைவிட மோசம், துணி துவைக்கிற கல்லிலிருந்து சோப்புத் தண்ணி அந்தக் குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. பதினாறு வருஷம் ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை. காகிதத்தில் மழைநீர் சேகரிப்பு, மண்ணில் சாக்கடை.

அந்த நாலு பேரும் முடிவு பண்ணினாங்க. பைப் செலவு வீட்டுக்காரர், தூர் வாருகிற வேலை குடித்தனக்காரங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேற்றை அள்ளி, பழைய ஜல்லியைக் கழுவி, சோப்புத் தண்ணிக்கு வேறே வழி விட்டு, மாடிப் பைப்பை மறுபடி இணைச்சாங்க. அந்த வருஷ மழைக்குப் பிறகு போரில் தண்ணி வந்தது. அடுத்த கோடையிலும் நிற்கவில்லை. மழையும் நன்றாகப் பெய்தது, அதனால் எல்லாப் புகழும் குழிக்கே என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் தண்ணி இறங்க வழி இருந்ததால்தான் இறங்கியது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் சந்தோஷமாக முடிச்சிருப்போம். ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் குடித்தனத்துக்கு 500 ரூபாய் வாடகை ஏற்றினார். “இப்போ போரில் தண்ணி இருக்கே” என்றார். சேற்றை அள்ளின அக்காவே எங்களிடம், “எங்க கையால எங்க வாடகையை ஏத்திக்கிட்டோம் பாருங்க” என்று சொன்னாங்க. எங்களுக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் நல்ல காரியம் செய்யுங்க என்று சொன்ன நாங்கள், அதை எழுதி வாங்குங்க என்று சொல்லவில்லை. அது எங்க தவறு.

வாடகை வீட்டில் இருக்கிறவங்களுக்கு

அதனால் இதை அழுத்திச் சொல்கிறோம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலானவங்க வாடகைக்கு இருக்கிறவங்க. குழி வீட்டுக்காரர் சொத்து. அதைச் சரிபார்த்து வைப்பது அவர் பொறுப்பு. நாம் உழைப்பு கொடுத்தால் அது தானம் இல்லை, அதற்கு மதிப்பு இருக்கு. வேலை தொடங்கும் முன்னால் ஒரு தாளில் எழுதுங்க: யார் என்ன செலவு, யார் என்ன வேலை, இந்த வேலையைக் காரணம் காட்டி வாடகை ஏற்றுவதில்லை, பணம் நாம் போட்டால் எத்தனை மாத வாடகையில் கழிப்பது. இரண்டு பேரும் கையெழுத்து. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும் என்று சொல்கிற சட்டம் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தது. புதுப்பிக்கும்போது இதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்க.

“குழுவிலிருந்து உள்கடன் கொடுப்பீங்களா?” என்றும் ஒரு பிரதிநிதி கேட்டாங்க. எங்க கருத்தை நேராகச் சொல்லிடுறோம். சொந்த வீடு இருக்கிற உறுப்பினருக்குக் கொடுக்கலாம். வாடகை வீட்டுக்கு, அந்தக் கையெழுத்துத் தாள் இல்லாமல் கொடுக்க வேண்டாம். நம் சேமிப்பு இன்னொருத்தர் சொத்தில் போய்ப் புதையக் கூடாது. முடிவு உங்களுடையது.

குடியிருப்பு வாரிய அடுக்குமாடியில் இருக்கிறவங்க பிளாக் வாரியாகச் சேர்ந்து மனு கொடுங்க. தனி ஒருத்தர் போய் நின்றால் நாளைக்கு வா என்பாங்க. முப்பது கையெழுத்தோடு போனால் உட்கார வைப்பாங்க.

குழியைப் பராமரிப்பது எப்படி?

முதலாவது, மாடி. மழைக்கு முன்னால் பெருக்கிச் சுத்தம் செய்யணும். முதல் மழை அழுக்கை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து குழிக்கு விடுங்க.

இரண்டாவது, கிணறு இருக்கிற வீட்டில் அதை மூடாதீங்க. பழைய கிணறுதான் இருக்கிறதிலேயே நல்ல குழி. மாடிப் பைப்பை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விட்டால் செலவும் குறைவு.

மூன்றாவது, உறை இறக்கின குழியாக இருந்தால் உள்ளே ஜல்லி நிரப்ப வேண்டிய அவசியமில்லை. காலியாக இருந்தால் அதிகத் தண்ணி பிடிக்கும், தூர் வாரவும் சுலபம். ஜல்லி, மணல் போட்ட குழி என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை மேல் மணலை எடுத்துக் கழுவிப் போடணும்.

நான்காவது, கேட் ஓரம். வாசலில் விழுகிற தண்ணி ரோட்டுக்கு ஓடாமல் இருக்க, கேட்டுக்கு உள்ளே குறுக்கே ஒரு சின்னக் கால்வாய், மேலே ஓட்டை போட்ட ஸ்லாப். அதைக் குழியோடு இணைங்க. வாசல் முழுக்க சிமென்டோ டைல்ஸோ போடாதீங்க. ஒரு முருங்கைக்காவது மண்ணை விட்டு வையுங்க.

ஐந்தாவது, சமையல், குளியல், துணி துவைத்த தண்ணி எதுவும் குழிக்குள் போகக் கூடாது. மழைத்தண்ணியைச் சாக்கடை மேன்ஹோலில் விடவும் கூடாது. அது நிரம்பித்தான் நம் வீட்டுக் கழிவறையில் திரும்பி வருது.

ஆறாவது, கொசு. மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் குழியில் தண்ணி நின்றால் குழி அடைச்சிருக்கு என்று அர்த்தம். வலையும் மூடியும் போட்டு வையுங்க.

ஏழாவதைத் தயவுசெய்து மறக்காதீங்க. ஆழமான உறைக்கிணற்றுக்குள் நாமும் இறங்கக் கூடாது, வேறே யாரையும் இறக்கவும் கூடாது. விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. கை எட்டுகிற ஆழம் வரைக்கும்தான் நம் வேலை. அதற்கு மேலே கருவி வைத்து, மேலிருந்தே எடுக்கிற ஆட்களைக் கூப்பிடணும்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லணும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு வந்த மாதிரி வெள்ளத்தை நம் குழி நிறுத்தாது. ஐந்தாறு சென்டி மீட்டர் மழைக்கே தெரு முழங்கால் அளவு நிற்குதே, அதைத்தான் குறைக்கும். அதுவும் ஒரு வீடு செய்தால் தெரியாது. தெருவில் இருக்கிற எல்லா வீடும் செய்யணும். ஒருத்தர் மட்டும் சேமித்தால் அது உண்டியல், இருபது பேர் சேர்ந்து சேமித்தால்தான் குழு. நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்று தீர்மானங்கள்

இன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் மூன்று விஷயம் எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, ஆயுத பூஜைக்குள் ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் வீட்டுக் குழிகளைத் திறந்து பார்க்கணும். ‘இருக்கு, இல்லை’ என்று எழுதாதீங்க. ‘திறந்தோம், தண்ணி ஊற்றினோம், இறங்கியது அல்லது நின்றது’ என்று எழுதுங்க.

இரண்டு, அந்தக் கணக்கை வைத்து, செயல்படுகிற குழி உள்ள வீட்டுக்குச் சொத்துவரியில் தள்ளுபடி வேண்டும், அதில் ஒரு பங்கு குடித்தனக்காரருக்கு வாடகையில் சேர வேண்டும் என்று தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டல அலுவலகங்களுக்கும் நம் கவுன்சிலர்களுக்கும் மனு கொடுப்போம். ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது நாமே எழுந்து பேசுவோம்.

மூன்று, வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மாடி, பைப், கேட் கால்வாய், மேல்மட்டக் குழி சுத்தம் செய்வதைக் கூலிக்குச் செய்ய விருப்பமுள்ள உறுப்பினர்கள் பெயர் கொடுங்க. பயிற்சிக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். நாம் வேலை செய்கிற அடுக்குமாடிகளிலேயே இதற்குத் தேவை இருக்கு.

அந்த மந்தைவெளிக் காம்பவுண்ட் என்ன ஆச்சு என்று கேட்பீங்க. ஒரு குடித்தனம் வாடகை கட்ட முடியாமல் பெரும்பாக்கம் பக்கம் போய்விட்டது. மற்றவங்க இருக்காங்க. வருஷா வருஷம் வீட்டுக்காரரிடம் கூலி வாங்கிக்கொண்டுதான் குழியைச் சுத்தம் செய்றாங்க, தாளில் கையெழுத்தும் உண்டு. “உங்க வாசலைத் திறந்து பார்த்தீங்களா?” என்று எங்களையே கேட்டது அந்த அக்காதான். எங்க அலுவலக வாசல் ஸ்லாபை அன்றைக்குச் சாயங்காலமே தூக்கினோம். அதிலும் சேறுதான் இருந்தது.

நீங்களும் இன்றைக்குச் சாயங்காலமே தூக்கிப் பாருங்க.